கால் படமும் முகப் படமும்

கலைக் கண்காட்சி அமைப்பது என் தொழில். அதாவது, எனக்கே பாதி புரிந்ததை ஊருக்கு முழுசாகப் புரியவைக்கும் தொழில். நீங்களும் இதே பாடுபடுகிறவர்களாக இருந்தால், முத்தையாபுரத்தில் எனக்கு நடந்ததைக் கேளுங்கள்.

இடம் கேட்கப் போனேன்

உப்பளப் பெண்களைப் பற்றிய புகைப்படக் கண்காட்சி. அந்தப் பெண்களும் வந்து பார்க்க வேண்டும் என்று, அவர்கள் பஸ் ஏறும் இடத்துக்குப் பக்கத்திலேயே காலியாகக் கிடந்த, உப்பு மூட்டை அடுக்கும் கிட்டங்கி ஒன்றைக் கேட்டேன். கிட்டங்கிக்காரர் அண்ணாச்சி, "என்ன சரக்கு?" என்றார். படங்கள் என்றேன். யாரை எடுத்தது? உப்பளத்துப் பெண்களை. பார்க்க வருவது யார்? அவர்கள்தான். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

"அவுகள அவுகளுக்கே காட்டுததுக்கு ஒரு கண்ணாடி போதாதா, தாயி?"

செல்வராணி அக்கா வந்தார்

அண்ணாச்சி சாவி தந்த கிட்டங்கியில், ஒரு சென்னைக் கலைஞர் எடுத்த படங்கள் ஆளுயரத்தில் தொங்கின. எல்லாமே உப்பில் வெடித்த பாதங்கள். திறப்பு விழாவுக்கு வந்தவர்கள் அசந்துபோனார்கள். எனக்கும் பெருமைதான்.

வேலை முடிந்து செல்வராணி அக்கா வந்தார். வருஷக்கணக்காக உப்பு வாருகிறவர். கடைசிச் சுவர்வரை போய், திரும்ப முதலிலிருந்து பார்த்தார். எதையோ தேடுகிறார் என்று புரிந்து, "இது நீங்கதான், அக்கா" என்று ஒரு பாதத்தைக் காட்டினேன். படம் எடுத்த அன்று அவர் தலை நிறைய பிச்சிப்பூ வைத்துக்கொண்டு வந்தது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"ஏம்மா, என் மூஞ்சி என்ன தப்பு பண்ணுச்சு?"

கலைஞரைக் கேட்டேன்

பாதங்கள் மட்டும் ஏன் என்று போனில் பொறுமையாக விளக்கினார். கேட்கக் கேட்கச் சரி என்று பட்டது. போனை வைத்ததும் தப்பு என்று பட்டது. மறுபடி கூப்பிட்டு, முகங்களையும் எடுத்திருக்கிறீர்களே, அனுப்புங்கள் என்றேன். அனுப்பினார், மனசில்லாமல்.

"முகத்தைப் பார்த்தா ஆள்தான் தெரியும் மேடம், பிரச்சினை தெரியாது."

மறுநாள்

முகப் படங்களை அச்சடித்து வந்து சுவரோரம் சாய்த்துவிட்டு, கால் படங்களைக் கழற்ற ஏணி போட்டேன். மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஒரு நினைப்பு. செல்வராணி அக்கா நான்கு பேரைக் கூட்டிவந்தார். "ஏளா, உன் பல்லப் பாரு" என்று ஒருத்தரையொருத்தர் காட்டிச் சிரித்தார்கள். பிறகு அக்கா ஏணியைப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

"அத ஏன் இறக்குதிய? அந்தக் காலும் நாந்தான!"

இரண்டையும் மாட்டினேன்; அந்தக் கண்காட்சியை அமைத்தவள் நான்தான் என்று இன்றும் நிதி விண்ணப்பங்களில் எழுதுகிறேன், எழுதும்போது மட்டும் அக்கா பெயருக்கும் அதில் ஒரு கட்டம் இருக்கிறதா என்று பார்ப்பேன்.