கெசியாவின் பன்றிகளும் கணக்கில் சேராத ஆண்டுகளும்

டென்னசி மலையில் கெசியா ரட்டைப் போலப் பன்றிகளைக் கூப்பிட ஆள் கிடையாது. ஒரு குரல் கொடுத்தால் ஓக் காட்டில் மேயும் பன்றிகள் எல்லாம் ஓடி வரும். சில சமயம் பக்கத்து வீட்டு ஆண்களும் வந்துவிடுவார்கள். ஐம்பது வயது, கணவர் இல்லை, வாய்க்குப் பஞ்சமில்லை.

அமெரிக்காவின் வடக்கும் தெற்கும் போரில் அடித்துக்கொண்டிருந்த ஒரு குளிர்காலத்தில், எவ்வளவு கத்தியும் ஒன்றுகூட வரவில்லை. அதே ஊர் ஹைரம் டட்டில் திருடிவிட்டான் என்று எல்லாருக்கும் சந்தேகம். கோர்ட்டோ பூட்டிக் கிடந்தது. போர் முடிந்து திறந்தபோது, வழக்குத் தொடுக்கும் கெடு போய்விட்டது என்றார்கள். அவன் என்றைக்காவது கூண்டில் நிற்க வேண்டும் என்பது மட்டும் கெசியாவின் மனதை விட்டுப் போகவில்லை.

இந்த அறுவடைக்கு அவர் களஞ்சியத்தில் சோளம் உரிக்க எல்லாரும் கூடினார்கள். ஹைரமுக்கு ஆப்பிள் மது ஏறியிருந்தது.

"கெடுதான் தாண்டிப் போச்சே, இனி சொன்னா என்ன? உங்க குரல்லயே கூப்பிட்டேன் அத்தை. நாய்க்குட்டியாட்டம் பின்னாலயே வந்துச்சுங்க!"

களஞ்சியமே சிரித்தது. கெசியாவும் சிரித்தார்.

"உன் தவளைத் தொண்டைக்கா வந்துச்சுங்க? சரி, காதுல எங்க வீட்டு அடையாள வெட்டு இருந்துச்சே?"

"காதையே அறுத்து ஓடையில வீசிட்டேன். அப்புறம் யாரு வீட்டுப் பன்னின்னு எவன் சொல்லுவான்?"

"நீயே சொல்லிட்டியேடா. போன கோர்ட்டு நாள்ல புதுச் சட்டம் வாசிச்சாங்க. கோர்ட்டு மூடியிருந்த வருஷமெல்லாம் கெடுவுல சேராதாம். நீங்கல்லாம் வெளிய குதிரை பேரம் பேசிக்கிட்டு இருந்தீங்க. நான் உள்ள நின்னு கேட்டேன்."

ஹைரம் சோளத்தைப் போட்டுவிட்டு எழுந்தான்.

"சும்மா கதை விட்டேன் அத்தை! வேணும்னா ரெண்டு சினைப் பன்னி தர்றேன்."

"பன்னி என்கிட்ட இருக்கு. இவன் சொன்னதைக் கோர்ட்டுல வந்து சொல்ல யாரு இருக்கீங்க?"

எல்லாரும் குனிந்து சோளம் உரிப்பதிலேயே கண்ணாக இருந்தார்கள். ஹைரமுக்கு ஏதோ ஒரு வகையில் அத்தனை பேரும் சொந்தம். கடைசியில் அவன் மைத்துனன் ஒபேத் எழுந்தான்.

"நான் சொல்றேன். அந்தக் கறியில எனக்கு ஒரு துண்டு குடுத்தானா இவன்?"

அதன்பிறகு ஆளாளுக்குக் கை தூக்கினார்கள்.

வழக்கு நடந்த அன்று, ஜூரி ஒரு வாய்ப் புகையிலை மெல்லும் நேரத்தில் திரும்பி வந்து, குற்றவாளி என்றது. வீடு திரும்ப வண்டியில் ஏறும்போது ஒபேத் தலையைச் சொறிந்தான்.

"ஜெயில்ல குளிருமே அத்தை. பாவம்ல?"

"பாவந்தான்," என்று கெசியா தன் கம்பளியை உருவி அவனிடம் வீசினார். "கொண்டுபோய்க் குடு. திருப்பி வாங்கிட்டு வரணும், ஆமா."