நாற்காலியும் தண்ணீரும்

எண்பதுகளின் தொடக்கத்தில், பசுமலைக் கல்லூரியில் வாத்தியாராக இருந்த என்னைப் போலீஸ்காரர்களுக்கு வகுப்பெடுக்கக் கூப்பிட்டார்கள். அடிபட்டு வரும் பெண்களிடம் எப்படி நடந்துகொள்வது என்பது பாடம். வீட்டில் என் பேச்சை யாரும் கேட்பதில்லை என்பது அவர்களுக்குத் தெரியாது.

ஸ்டேஷனிலேயே வகுப்பு. “முதல்ல நாற்காலி போடுங்க, தண்ணி குடுங்க, அதட்டாதீங்க” என்றேன். ஏட்டையா அக்கறையாகத் தலையாட்டினார்.

அன்று மதியமே பரவைச் சந்தையில் காய் விற்கும் ஒரு பெண், உதடு கிழிந்து வந்து நின்றாள். புருஷன் அடித்துவிட்டானாம். ஏட்டையா எழுந்து நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார்.

“பயப்படாதத்தா. ஒன் வீட்டுக்காரனுக்கு ஆள் விட்டுருக்கேன். நாலு வார்த்தை கண்டிச்சு, அவன்கூடவே அனுப்பி வைக்கிறேன்.”

புருஷன் பெண்டாட்டி சண்டை என்றால் ஸ்டேஷன் வழக்கம் அதுதான்.

“அவன்ட்ட இருந்து தப்பிச்சுத்தாண்ணே இங்க வந்தேன்” என்றவள், தம்ளரை வைத்துவிட்டு விறுவிறுவென்று பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போய்விட்டாள். பின்னாலேயே ஓடிய கான்ஸ்டபிள் தனியாகத்தான் திரும்பினார்.

“நீங்க சொன்னபடிதான சார் செஞ்சேன்?” என்றார் ஏட்டையா. அவர் கேலி செய்யவில்லை.

சற்று நேரத்தில் புருஷன் வந்து, “எங்க சார் அவ?” என்றான். தெரியாது என்று சொல்வதில் எனக்கு அம்புட்டு நிம்மதி. அது நிலைக்கவில்லை. மறுநாள் வகுப்புக்கு நான் தயார்செய்து வைத்திருந்தது, பஸ் ஸ்டாண்டில் தனியாக நிற்கும் பெண்களை, வேலை வாங்கித் தருவதாகச் சொல்லிக் கூட்டிப்போய் விற்றுவிடுகிறவர்களைப் பற்றி.