ராத்தாவுக்கு முதலிடம்

சாய்ந்தமருதில் அப்துல் ஸமட் பூட்டிக் கொடுத்த டீவிகள் நூற்றுக்கு மேல். அவருடைய சொந்த வீட்டில் டீவி இல்லை. அது மார்க்கத்துக்கு ஒத்துவராது என்பது மனைவி ஸம்றாவின் முடிவு. அவர் அதை மறுத்ததில்லை. ஸம்றா தன் கைத்தொலைபேசியில் நாடகம் பார்ப்பதையும் மறுத்ததில்லை.

ஸமட் உயர்தரப் பரீட்சையில் கணிதத்தை மூன்று தரம் எழுதி மூன்று தரமும் கோட்டை விட்டவர். இருந்தும் கூரையில் ஏறினால் டிஷ்ஷை எந்தப் பாகைக்குத் திருப்ப வேண்டும் என்பதை வெறுங்கண்ணால் சொல்லிவிடுவார். அண்மைக்காலமாக அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது ஒரு சின்னப் பெட்டி. டிஷ்ஷில் விழும் அலைவரிசைகளை அது வாங்கி வீட்டு ரவுட்டருக்குள் விட்டுவிடும். பிறகு எந்த அறையிலும், அடுத்த வீட்டிலும்கூட, வயர் இழுக்காமல் பார்க்கலாம்.

அடுத்த வீடு என்பது இந்தக் கரையில் பெரும்பாலும் சகோதரியின் வீடுதான். பெண்ணுக்கு வீடு கொடுத்துக் கல்யாணம் கட்டி வைக்கும் ஊர். லைலா, கைருன்னிஸா, றாஹிலா என்ற மூன்று சகோதரிகளுக்கும் அப்படித்தான்: ஒரே வளவு, மூன்று வீடு, ஒரு கிணறு. ஸமட் அங்கே ஒரு டிஷ்ஷும் ஒரு பெட்டியும் பூட்டினார்.

"இதுக்குள்ள ரெண்டு டியூனர்தான் இரிக்கி. ஒரே நேரத்தில ரெண்டு சனல்தான் வரும். மூணாவது ஆள் வேற சனல் பாத்தா ஒரு டீவி கறுத்துப் போகும்" என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

"நாங்க மூணு பேரும் ஒண்டாத்தான் பாக்கிற" என்றாள் கைருன்னிஸா.

ஒன்றாகத்தான் பார்த்தார்கள், மூன்று கிழமை.

பெட்டிக்குள் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பெயர் எழுத வேண்டும். அன்று கூட நின்றவள் இளையவள் றாஹிலா. கைருன்னிஸாவின் நடு வீட்டைக் காட்டி, "இது யார்ட ஊடு?" என்றார் ஸமட். "ராத்தாட." எழுதினார். பிறகு மூத்தவள் லைலாவின் வீடு. "இது?" "இதும் ராத்தாடதான்." அக்காமார் இருவரும் அவளுக்கு ராத்தாதான். ஒரே பெயரை இரண்டு தரம் ஏற்க மறுத்த பெட்டி, மூத்தவளுக்குத் தானாகவே 'ராத்தா 2' என்று போட்டுக்கொண்டது. ஸமட் சிரித்துவிட்டு அப்படியே விட்டார்.

மாசியில் லைலாவின் கணவர் முகைதீன்பாவாவுக்குப் பாரிசவாதம் வந்தது. வாய் போய்விட்டது, வலக்கையும் போய்விட்டது. ஹஜ்ஜுக்கு இரண்டு தரம் பெயர் கொடுத்து இரண்டு தரமும் போக வாய்க்காத மனிதர். லைலா கட்டிலை டீவிக்கு நேரே திருப்பி, மக்காவை நேரடியாகக் காட்டும் அலைவரிசையைப் போட்டுவிட்டாள். கஃபாவைச் சனம் சுற்றிக்கொண்டிருக்கும். அவருடைய கண்களும் சுற்றும். கண் மூடும்போது அந்தக் கண்ணுக்கு முன்னால் அது இருக்க வேண்டும் என்பதே அவளுக்கு மிஞ்சியிருந்த ஒரே ஆசை.

திரை கறுத்தால் அவருடைய இடக்கை விரிப்பைப் பிறாண்டும். லைலா முற்றத்துக்கு ஓடிவந்து கத்துவாள்: "கைருகா! சனல மாத்துகா, அவர் தவிக்கிறார்!" தங்கைமார் உடனே தங்கள் டீவியை அணைத்துவிடுவார்கள். நல்ல பெண்கள்.

நல்ல பெண் என்பதால்தான் றாஹிலா ஸமட்டுக்கு அழைப்பு எடுத்தாள். அவர் அப்போது கல்முனையில் ஒரு கூரையின் மேல் நின்றார்.

"காக்கா, இனி ராத்தாட டீவி நிக்கப்படா. நாங்க என்ன பாத்தாலும் ராத்தாட ஊட்டுக்கு முதலிடம் போடுங்க."

நோயாளியைப் பற்றி அவள் சொல்லவில்லை. ஊருக்கே தெரியும் என்று நினைத்தாள். ஊருக்குத் தெரிந்ததெல்லாம் கூரையில் இருப்பவருக்குத் தெரிவதில்லை. ஸமட் அங்கிருந்தே தொலைபேசியில் பெட்டியின் பட்டியலைத் திறந்தார். 'ராத்தா' என்றிருந்தது. முதலிடம் போட்டார். இறங்கி வருவதற்குள் மறந்தும் போனார்.

அதன் பிறகு தங்கைமாருக்குப் பயம் விட்டுப்போனது. வியாழன் அஸர் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால் கைருன்னிஸா வீட்டில் நாடகம் ஓடியது. றாஹிலா வீட்டில் கிரிக்கெட். லைலா கைகால் கழுவி ஒழு எடுக்கக் கிணற்றடிக்குப் போனாள். திரும்பி வந்தபோது திரை கறுத்திருந்தது. விரிப்பு கசங்கிக் கிடந்தது. முகைதீன்பாவா மௌத்தாகியிருந்தார்.

ஏழாம் நாள் கத்தம் ஓதிய அன்று ஸமட்டைக் கூப்பிட்டார்கள். வருவதற்கு முன் பெட்டி தானே எழுதிவைக்கும் குறிப்பைப் பார்த்திருந்தார். வியாழன், மூன்று பன்னிரண்டு: 'ராத்தா' கேட்டது, கொடுக்கப்பட்டது, 'ராத்தா 2' நிறுத்தப்பட்டது.

லைலா, கணவனை இழந்தவள் வெளி ஆண்கள் கண்ணில் படாமல் இருக்கும் இத்தாவில் இருந்தாள். திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது. சீலைக்கு இப்பால் கைருன்னிஸா தேநீர்த் தட்டோடு நின்றாள்.

"ஸமட் தம்பி, ஒங்கள்ட்ட ஒண்டு கேக்கணும். அவர் பாத்து முடிஞ்ச ஒடன அல்லாஹ்தான் அத நிப்பாட்டினான் எண்டு நான் சொல்றன். பள்ளி ஹஸ்ரத்தும் இல்லையெண்டு சொல்லல்ல. இவளுகள் பெட்டி பழுது எண்டுறாளுகள். நீங்க சொல்லுங்க, பழுதா?"

ஸமட் தட்டைப் பார்த்தார். உண்மையைச் சொன்னால், அந்த நேரம் நாடகம் பார்த்தவள் அந்தத் தட்டைப் பிடித்திருப்பவள்; அதன் பிறகு மூன்று வீட்டுக்கும் ஒரு கிணறு போதாது. பழுது என்றால் பொய். பொய் சொல்லச் சொல்லியிருந்தால் அவர் மறுத்திருப்பார்; ஐந்து வக்தும் தொழுகிறவர்.

"பழுதில்ல ராத்தா. பெட்டி நல்லாத்தான் இரிக்கி."

"கேட்டயாகா கைரு?" சீலைக்குப் பின்னால் குரல் உடைந்தது. கைருன்னிஸாவும் அழுதாள், மகிழ்ச்சியில்.

வாசலில் றாஹிலா காத்து நின்றாள். அவளுக்கு அற்புதத்தில் அவ்வளவு நம்பிக்கையில்லை.

"காக்கா, நான் சொன்ன மாதிரி முதலிடம் போட்டீங்கதானே?"

"போட்டன் தங்கச்சி."

"ராத்தாக்குத்தானே?"

"ஓம். ராத்தாக்குத்தான்."

"அல்ஹம்துலில்லாஹ். என்னாலதானோ எண்டு ஏழு நாளா நித்திரையில்ல காக்கா" என்றபடி அவள் கேற்றைத் திறந்துவிட்டாள்.