கோலுக்குப் பின்னால் காலி இடம்

“...அதெல்லாம் செய்யுங்க. பூசாரியக் கூட்டியாந்து எலுமிச்சம்பழம் அறுங்க, சாமியாரக் கூப்புட்டு தீர்த்தம் தெளிங்க, நான் வேணான்னு சொல்லல. அதுக்கு முன்னாடி எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. எம்புள்ளைக்குப் பின்னாடி நீங்க நின்ன எடத்துல போன வருஷம் பூரா ஒருத்தன்கூட வந்து நிக்கலியே, அவன் அந்த ஒரு பந்த வுட்டதுக்காகவா?”

கேட்டவர், செத்துப்போன எங்கள் கோலியின் அப்பா. கோல் கம்பத்துக்கு நடுவே நிற்கிறவனை நாங்கள் கோலி என்போம். உப்பளம் என்கிற எங்கள் பேட்டையில் மைதானத்துக்கு எதிரே இருந்த டீக்கடையில் வந்து கேட்டார். வீராம்பட்டினத்துத் தேர் முடிந்து ரோட்டுப் புழுதி இன்னும் அடங்காத ஆடி மாதச் சாயங்காலம். பிரெஞ்சுக் கொடி இறங்கிக் கொஞ்ச வருஷம் ஆகியிருந்தது. கடை வாசலில் கிடந்த நீளப் பெஞ்சில் நாங்கள் ஐந்தாறு பேர் உட்கார்ந்திருந்தோம். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டார்.

நாங்கள் கல்லூரிக் கால்பந்து அணியின் ஆட்கள். ஆடுகிற ஆட்கள் இல்லை, பார்க்கிற ஆட்கள். படிக்கவென்று அந்தக் கல்லூரிக்குள் கால் வைத்தவன் எங்களில் ஒருவனும் கிடையாது. நான் ஐந்தாம் வகுப்போடு புத்தகத்தை மூடிவிட்டு மில்லுக்குப் போனவன். அதற்கப்புறம் படித்ததெல்லாம் மளிகைக் கடையில் பொட்டலம் கட்டிக் கொடுத்த காகிதத்தில்தான். வயசானவர்கள் கொலேஜ் என்பார்கள், இளவட்டங்கள் காலேஜ் என்பார்கள். எப்படிச் சொன்னாலும் அந்தப் பையன்கள் எங்கள் பையன்கள். “படிக்கிறது அவனுங்க, பாஸ் பண்றது நாம” என்பார் அரியாங்குப்பத்துக்காரர்.

இந்த அரியாங்குப்பத்துக்காரரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். விவசாயி. காலையில் சைக்கிளில் கத்தரிக்காய் மூட்டையோடு ஆற்றைத் தாண்டி மார்க்கெட்டுக்கு வருவார். ஆட்டம் இருக்கிற நாளில் சாயங்காலம் வரைக்கும் வீடு திரும்ப மாட்டார். வாயைத் திறந்தால் ஒரு வசனம் விழும். அதைப் பொறுக்கி வைத்துக்கொள்வது எனக்கு வழக்கம்.

எங்களுக்கு வருஷம் பிறப்பது சித்திரையில் இல்லை, ஆடியில்தான். தேர்க்கூட்டத்தில் ஒருவனையொருவன் பார்த்தால் சௌக்கியமா என்று கேட்க மாட்டோம். “இந்த வருஷம் எப்படி?” என்றுதான் கேட்போம். புதுசாக வந்திருக்கும் இடதுகால் பையன் எப்படி, கடலூர்க்காரன் எத்தனை ஆட்டக்காரரை இழந்திருக்கிறான் என்று வடம் பிடித்துக்கொண்டே பேசுவோம். தேர் நிலைக்கு வருவதற்குள் கோப்பையை நாங்கள் வாங்கி, துடைத்து, அலமாரியில் வைத்துவிட்டிருப்போம். இப்படி ஆகாசக் கோட்டை கட்டலாமா என்று யாராவது கேட்டால் அரியாங்குப்பத்துக்காரர் விடமாட்டார். “வெதைக்கும்போதே கதிர எண்ணாதவன் வெவசாயியே இல்ல” என்பார்.

சொந்த மைதானத்தில் ஆட்டம் என்றால் அவரவருக்கு நிற்க ஓர் இடம் உண்டு. மில்காரர்கள் மேற்குக் கோட்டோரம். மீன்காரர்கள் கிழக்கே, கிடங்குச் சுவர்மேல். நான் மில்காரன்தான் என்றாலும் எங்கள் பெஞ்சுக் கூட்டத்தின் இடம் வடக்குக் கோலுக்குப் பின்னால். யாரும் எழுதிக் கொடுக்கவில்லை, ஆனால் வேறு ஆள் வந்து நின்றால் மூச்சுத் திணறுவது மாதிரி இருக்கும். அந்த இடத்தை நாங்கள் பிடித்ததற்குக் காரணமே செத்துப்போன அந்தக் கோலிப் பையன்தான்.

சொல்தா வீட்டுப் பையன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். அப்பா சைகோன் பக்கமெல்லாம் இருந்துவிட்டுப் பென்ஷனோடு வந்தவர். விறைப்பான ஆள், சட்டைக் காலர் வரை பித்தான் போட்டிருப்பார், தெருவில் யாரோடும் நின்று பேச மாட்டார். பிள்ளை அதற்கு நேர்மாறு. ஆனால் ஆட்டம் தொடங்கிவிட்டால் அவனும் திரும்பிப் பார்க்க மாட்டான். நாங்கள் அவன் முதுகைப் பார்த்துத்தான் பேசுவோம். எங்கள் மைதானத்தில் எதிரணியைவிடக் காற்றுதான் பெரிய எதிரி. மேற்கிலிருந்து வரும் மேல்காற்று ஓய்ந்து கடல்காற்று ஏறும் நேரத்தில் பந்து சொன்ன பேச்சைக் கேட்காது. அதனால் பின்னாலிருந்து, “தம்பி, காத்து எந்தப் பக்கம்?” என்று குரல் கொடுப்போம். அவன் வலது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுவந்து கட்டை விரலை நீட்டிக் காட்டுவான். கடல் பக்கம் நீட்டினால் கடல்காற்று. ஊர்ப்பக்கம் நீட்டினால் மேல்காற்று. விரல்களை மடக்கிக் கைமுட்டியை மூடிக்கொண்டால் காற்றே இல்லை. எங்களுக்குக் காற்று தெரியாதா என்ன? கேட்பதும் அவன் காட்டுவதும் ஒரு சுகம். அவன் எங்கள் பக்கத்துக் கோலில் நிற்கிற பாதி ஆட்டம் முடிகிறவரைக்கும் கேட்டுக்கொண்டே இருப்போம்.

கோப்பைக்கான ஆட்டமும் எங்கள் மைதானத்தில்தான் நடந்தது. கடைசி நேரத்தில், காற்று திரும்புகிற வேளையில், தூரத்திலிருந்து எதிரணிக்காரன் ஒருவன் சும்மா தூக்கி அடித்த பந்து. எங்கள் பையன் இரண்டு கையையும் சரியாகத்தான் கொண்டுபோனான். பந்து நடுவில் வளைந்து அவன் தோளை உரசிக்கொண்டு உள்ளே போய்விட்டது. அப்போதுதான் அவன் முதல் தடவையாக எங்கள் பக்கம் திரும்பினான். பந்தை எடுக்கத் திரும்பியவன் பந்தைப் பார்க்கவில்லை, எங்களைப் பார்த்தான். அந்த முகம் இன்றைக்கும் சில சமயம் கண்ணாடி பார்க்கும்போது எனக்குப் பின்னால் வந்து நிற்கிறது. கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. எதையோ கேட்கிற முகம்.

அரியாங்குப்பத்துக்காரர்தான் சொன்னார், “காத்துப்பா அது. நீ என்னா பண்ணுவ.” அவன் தலையை ஆட்டிவிட்டுப் பந்தை எடுத்துக்கொண்டு போனான். அந்தக் கோடையிலேயே காய்ச்சல் வந்து செத்துப்போனான்.

அடுத்த ஆடி வந்தது, ஆட்டங்களும் வந்தன. சொந்த மைதானத்து முதல் ஆட்டத்தன்று நாங்கள் வழக்கம்போல வடக்குக் கோலை நோக்கித்தான் நடந்தோம். பாதியில் கால் நின்றுவிட்டது. அங்கே வேறு ஒரு முதுகு நின்றது. எங்கள் பக்கத்தில் சாவு விழுந்த வீட்டில், போனவர் உட்கார்ந்த இடத்தில் வருஷம் திரும்பும் வரை ஒருவரும் உட்கார மாட்டார்கள். யாரும் சொல்லிக்கொடுத்து வருவதில்லை அது. எங்களுக்கு அவன் இடமும் அவனுக்குப் பின்னால் நாங்கள் நின்ற இடமும் ஒன்றுதான். ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளாமல் மில்காரர்கள் பக்கம் போய் ஒதுங்கினோம். எங்களைப் பார்த்து மற்றவர்களும் அந்த இடத்தை விட்டுவிட்டார்கள்.

காலி இடம் சும்மா இருக்காது என்பது சரிதான். அந்தப் பக்கம் பந்து போனால் எடுத்துப்போட ஆளில்லை. புதுக் கோலியே ஓடிப்போய் எடுத்துவருவான், ஒவ்வொரு தடவையும் முகம் வெளுத்துத் திரும்புவான். பிறகு மீன்காரர்கள் ஒரு கதை கொண்டுவந்தார்கள். ஆட்டம் முடிந்து கூட்டம் கலைந்து, வெளிச்சம் மங்குகிற நேரத்தில், வெள்ளைச் சட்டை போட்ட ஓர் உருவம் வடக்குக் கோலுக்குப் பின்னால் அசையாமல் நிற்கிறதாம். கிடங்குப் பக்கமிருந்து பார்த்தவன் ஒருவன் இல்லை, பலர். முதலில் சிரித்தோம். பிறகு நானே பார்த்தேன். மில்லில் அடுத்த ஷிப்ட்டுக்குப் போகிற வழியில் சைக்கிளை நிறுத்தி, சங்கிலி கழன்றதை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தேன். கம்பங்களுக்கு நடுவே, வலைக்கு அந்தப்பக்கம், வெள்ளையாக. கையைத் துடைக்காமலே சைக்கிளில் ஏறிவிட்டேன்.

அதற்கப்புறம் கூட்டமே குறைந்துபோனது. மேற்குக் கோட்டோரத்தில் இடைவெளி விழுந்தது. சுவர்மேல் உட்காருகிறவர்களில் பாதிப் பேர் வருவதில்லை. புதுக் கோலி ஒரு நாள் எங்களிடம் வந்து, “நம்ம ஊர்லயே வெளியூர் ஆட்டம் ஆடற மாதிரி இருக்குண்ணே. பின்னாடி யாராச்சும் நின்னா பயம் இருக்காது. யாரும் இல்லாததுதான் பயமா இருக்கு” என்றான். வருஷமும் திரும்பிவிட்டது. ஆனாலும் யாருக்கும் அங்கே போய் நிற்க மனசு வரவில்லை. மரியாதைக்கு விட்ட இடம் பயத்துக்கு ஆகிவிட்டது. அதற்கடுத்த இந்த ஆடியில் தேருக்குப் போன நாங்கள் கோப்பையைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. அந்த இடத்தை என்ன செய்யலாம் என்றுதான் பேசினோம். பூசாரியைக் கூட்டிவந்து கழிப்பு கழிக்கலாம், பையன் வேதக்காரன், அதனால் மாதா கோயில் சாமியாரையும் கூப்பிடலாம் என்று முடிவாயிற்று. அந்தப் பேச்சு எப்படியோ சொல்தா வீட்டுக்கும் போய்விட்டது.

அதனால்தான் அவர் வந்து அப்படிக் கேட்டார். கேட்டுவிட்டுக் காலர் பித்தானைத் தொட்டுக்கொண்டார்.

“இருட்டுற நேரத்துல நிக்கிற பேய் நாந்தான்” என்றார் அடுத்தாற்போல. “ஆட்டம் நடக்கும்போது சொவத்துக்கு வெளியே ரோட்டுல நின்னு பாப்பேன். எல்லாரும் போனப்புறம் உள்ள வருவேன். அவன் நின்ன எடத்தப் பாத்துட்டுப் போவேன். பட்டாளத்துல ஒருத்தன் பேரக் கெடுத்துக்கிட்டா யாரும் அவனத் திட்ட மாட்டான். சாப்புடற எடத்துல அவனுக்கு ரெண்டு பக்கமும் எடம் வுட்டு உக்காருவான், அவ்ளோதான். நீங்களும் அப்படித்தான் எடம் வுட்டீங்கன்னு இருந்துட்டேன்.”

இல்லை ஐயா என்று சொல்லிவிட்டு, எங்கள் பக்கத்து வழக்கத்தைச் சொன்னேன். செத்தவர் இடத்தில் உட்காராத வழக்கம். அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. வாய்க்கு வந்த ஆறுதல் என்று நினைத்திருக்கலாம். பெஞ்சின் மூலையிலிருந்து அரியாங்குப்பத்துக்காரர் அந்தக் கோலைப் பற்றிச் சொன்னார். பையன் திரும்பிப் பார்த்ததையும், தான் காத்துப்பா என்று சொன்னதையும், அவன் தலையாட்டியதையும். பிறகு கட்டை விரல் கதையையும் சொன்னார். சொல்லும்போதே எழுந்து நின்று, எங்களுக்கு முதுகைக் காட்டி, கையைப் பின்னால் கொண்டுபோய், “காத்து எந்தப் பக்கம்னு கேப்போம்யா. இப்படிக் காட்டுவான்” என்று விரலை நீட்டினார். பிறகு முட்டியை மூடினார். மறுபடி நீட்டினார்.

பெரியவர் அந்தக் கையையே பார்த்தார். டீ ஆறி ஏடு கட்டிவிட்டது.

“காய்ச்சல்ல கெடக்கும்போது இப்படித்தான் கைய முதுகுக்கு அடியில கொண்டுபோவான்” என்றார். “வெரல நீட்டுவான், மடக்குவான். முதுகு வலின்னு நெனச்சேன். நான் இழுத்து இழுத்து நேரா வெப்பேன். அவன் திரும்பத் திரும்பக் கொண்டுபோவான். கடைசி நாளு பூரா அப்படித்தான்.”

அரியாங்குப்பத்துக்காரர் கையை முன்னால் கொண்டுவர மறந்து அப்படியே நின்றார். எதிரே மைதானத்தில் பையன்கள் பழகிக்கொண்டிருந்தார்கள். வடக்குக் கோலில் புதுக் கோலி தனியாக நின்றுகொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால், முன்பெல்லாம் வருஷக்கணக்கில் நாங்கள் மிதித்து மிதித்து மொட்டையாக்கி வைத்திருந்த தரையில், இப்போது முழங்கால் உயரத்துக்குப் புல் வளர்ந்து காற்றில் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

பெரியவர் குனிந்து எங்கள் பெஞ்சின் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினார். உட்கார்ந்திருந்தவர்கள் தடுமாறி எழுந்தோம். மறுமுனையை நான் பிடித்துக்கொண்டேன். கடைக்காரர் தடுக்கவில்லை. ரோட்டைத் தாண்டி, சுவரின் உடைசல் வழியாக உள்ளே போனோம். அவர் முன்னால், நான் பின்னால். மற்றவர்கள் கொஞ்சம் தள்ளி வந்தார்கள். பந்து உருளுவது நின்றது. வலைக்குப் பின்னால் புல்லை அமுக்கிக்கொண்டு பெஞ்சை இறக்கினோம். அவர் கிழக்கு முனையில், கடல் பக்கமாக, ஒடுங்கி உட்கார்ந்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து உதறி, வரும் வழியில் காற்று கொண்டுவந்து போட்டிருந்த மணலைப் பெஞ்சின் மற்ற முனைவரைக்கும் துடைத்துவிட்டார்.