ரைட்டர் சொன்ன எடை

மச்சானுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்து ஏழு மாதம் ஆகியிருந்தது. நடக்கலாம், எட்டு கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மலையில் நாகலூருக்குக் கீழே நண்பரின் தோட்டத்தில் ஓர் இரவு கூடாரம் போட்டுத் தங்க ஆசைப்பட்டார். அவர் முதுகில் சுமக்கும் மூட்டையை நானே செய்தேன்.

கூடாரத்துக்குக் கல்யாண மண்டபத்தில் கழற்றிப் போட்ட ஃப்ளெக்ஸ். படுக்கைக்குக் கார் கண்ணாடியின் வெயில் மறைப்பு, அதன்மேல் தைத்த காப்பிச் சாக்கு. தோள்வார் பழைய ஜீப்பின் சீட் பெல்ட். பெயின்ட் டப்பாவில் துளை போட்டு அடுப்பு. மொத்தம் அறுநூற்று நாற்பது ரூபாய், பாதி தையல் கூலி. தண்ணீர், அரிசியோடு எட்டு கிலோ வரும் என்று மதிப்பிட்டேன்.

சரிபார்க்க வழியில் ஓர் எஸ்டேட்டில் நின்றோம். பறித்த காப்பிப் பழத்தை எடை போட்டுக்கொண்டிருந்தார்கள். கணக்கு எழுதும் ரைட்டர் எங்கள் மூட்டையையும் தராசில் மாட்டினார்.

"எட்டுங்க."

"பேப்பர்ல இருந்தவரு கணக்குத் தப்புமா?" என்று என் பழைய பத்திரிகை வேலையைச் சொல்லி மச்சான் சிரித்தார். முள்ளை நான் பார்க்கவில்லை.

அரைமணி நேரம் இறங்கியிருப்போம். பனி மூடியது. மச்சான் மூட்டையோடு முப்பது அடி முன்னால் போனார். தராசடியில் நின்றிருந்த, பழம் பறித்துவிட்டு வீடு திரும்பும் பெண் ஒருவர் என்னை எட்டிப் பிடித்தார்.

"ஏனுங்க, ரைட்டரு சொன்னத நம்பியா தூக்கிட்டுப் போறீங்க? சாக்குக்கு ஒண்ணு, ஈரத்துக்கு ஒண்ணுன்னு ரெண்டு கிலோ கழிச்சுப்போட்டுத்தானுங்க அவரு வாயவே தொறப்பாரு."

"அப்ப பத்தா?"

"பனி வேற குடிச்சிருக்குமுங்க சாக்கு. இப்ப இன்னும் நொம்பக் கனமாத்தான் இருக்கும்." சிரித்தபடி கிளைப்பாதையில் இறங்கிப் போனார்.

"மச்சான், மூட்டையக் குடுங்க."

"எட்டு கிலோவுக்கு எதுக்கு மாப்ளே ஆளு? என்னைய நோயாளியாக்காதீங்க."

"எட்டு இல்ல. பத்துக்கு மேல."

நின்றார். திரும்பியபோது நெற்றியில் வியர்வை திரண்டிருந்தது. மூட்டையை இறக்கி வைத்தார். வலது கையால் இடது தோளைப் பிடித்துக்கொண்டார்.

"பெல்ட்டு அழுத்துதுன்னு நெனச்சேன்" என்றார்.

மூட்டை இறங்கிய பிறகும் கை அங்கேயே இருந்தது.

போனில் சிக்னல் இல்லை. மூட்டையைப் பாதையிலேயே விட்டுவிட்டு, அவர் கையைப் பிடித்து மேலே ஏறத் தொடங்கினேன். இருபது அடிக்கு ஒருமுறை நின்றோம். பிறகு பத்துக்கு. நிற்கும்போதெல்லாம் வலி விட்டதா என்று கேட்டேன். மூன்றாவது முறை கேட்டபோது அவர், நடங்க என்று கையை மட்டும் அசைத்தார்.