நான் ஏறவே இல்லை

மகளுக்கு அப்போது ஏழு மாதம். சோளகக் காற்று பிய்த்துக்கொண்டு வீசிய ஒரு மத்தியான நேரம். யாழ்ப்பாணத்தில் அவளை டொக்டரிடம் காட்டிவிட்டு, நானும் கணவரும் மோட்டார் சைக்கிளில் நாரந்தனைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். இரண்டு பக்கமும் கடல் கிடக்கும் பண்ணைப் பாலத்தில்தான் அது நடந்தது.

அந்த நாட்களில் எங்களுக்குள் பேச்சு இல்லை. பெரிய சண்டை என்று எதுவும் கிடையாது. இரவெல்லாம் கண்விழித்துவிட்டுக் குசினிக்குள் சமைத்துக்கொண்டு நின்றவளிடம், "வீட்டில சும்மாதானே இருக்கிறீர், உடுப்பைத் தோச்சு வைச்சிருக்கலாமே" என்று கேட்டுவிட்டார். அந்தச் 'சும்மா' எனக்குச் சுருக்கென்று தைத்தது. அன்றோடு வாயை மூடினேன். எனக்கு வீம்பு கொஞ்சம் அதிகம். அவரும் லேசுப்பட்டவர் இல்லை. எல்லாம் மகள் வழியாகத்தான். "அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லுங்கோ குட்டி" என்பேன். பாவம், அவளுக்கு 'அம்மா' என்றே சொல்லத் தெரியாது. முன்பெல்லாம் மோட்டார் சைக்கிளில் ஏறியதும் "சரி, போவம்" என்பேன். அதையும் நிறுத்தியிருந்தேன். பின்பக்கம் ஆடினால் நான் ஏறிவிட்டேன் என்று அவர் கிளம்பிவிடுவார்.

பாலத்தின் நடுவில் காற்று மகளின் தொப்பியைப் பறித்துப் பின்னால் வீசியது. அவர் தோளில் தட்டினேன். நிறுத்தினார். மகளோடு இறங்கிப் போய்த் தொப்பியை எடுத்து வந்து, அவளைச் சரியாகப் பிடிக்க வசதியாக, தோளில் கிடந்த பையை முதலில் பின் கம்பியில் கொழுவினேன். வண்டி ஆடியது. அவர் போய்விட்டார்!

"இஞ்சேருங்கோ!" என்று கத்தினேன். அந்தக் காற்றில் எங்கே கேட்கப் போகிறது? கைபேசியும் பைக்குள்.

சத்தியமாகச் சொல்கிறேன், தெரியாமல் போகிறார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வேண்டுமென்றே எங்களை விட்டுவிட்டுப் போகிறார் என்றுதான் நினைத்தேன். திரும்பி வருவார் என்று கொஞ்ச நேரம் பார்த்தேன். வரவில்லை. மகள் வீரிட்டு அழத் தொடங்கினாள். கடைசியில் ஊர்காவற்றுறை பஸ் வர, மறித்து ஏறினேன். இனி அவர் வேண்டாம், கரம்பொன்னில் அம்மா வீட்டிலேயே இறங்கிவிடுவது என்று முடிவு கட்டிவிட்டேன்.

பஸ் பாலத்தைத் தாண்டிக் கொஞ்சத் தூரம் போயிருக்கும். எதிரே அவர் வந்தார். வேகமாக வரவில்லை. தெருவின் இரண்டு கரையையும் பார்த்துப் பார்த்து வந்தார். பேயறைந்த முகம். அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"பஸ்ஸை நிப்பாட்டுங்கோ!" என்று கத்தினேன். நிற்பதற்குள் அவர் எங்களைத் தாண்டிப் பாலப் பக்கம் போய்விட்டார்.

"ஆர் தங்கச்சி அது?" என்று கேட்டார் கொண்டக்டர் அண்ணை.

"என்ர மனுசன். எங்களைத்தான் தேடுறார்."

"நம்பர் பாடமோ?" என்று தன் கைபேசியைத் தந்தார். முதல் தரம் அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி எடுத்தேன். பஸ்ஸில் ஒருவரும் முணுமுணுக்கவில்லை. கடைசியில் எடுத்தார்.

"ஹலோ, ஆர்? ஆஸ்பத்திரியோ?" அப்படியொரு குரலில் அவர் பேசி நான் கேட்டதே இல்லை.

"நான்தானப்பா. நான் ஏறவே இல்லை."

"பிள்ளை?"

"மடியில இருக்கிறா."

பிறகு காற்றின் இரைச்சல்தான் கேட்டது. அதற்குள்ளே அவர் அழுவதும் கேட்டது.

நான் அங்கேயே இறங்கி நின்றேன். வந்தவர் மகளை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். பாலம் தாண்டி வெகு தூரம், மண்கும்பான் வரை போன பிறகுதான் திரும்பிப் பார்த்தாராம். "விழுந்திட்டீரோ எண்டு தெரு முழுக்கப் பாத்தனான். காணேல்லை. பிறகு பாலத்தில நிண்டு தண்ணியைப் பாத்தனான். கொஞ்ச நாளா நீர் இருக்கிற இருப்புக்கு..."

கடலில் குதிக்கும் எண்ணம் எனக்கு ஒரு நாளும் வந்ததில்லை. ஆனால் நான் வாடிப்போனதை இந்த மனுசன் பார்த்திருக்கிறார், உள்ளுக்குள் பயந்தும் இருக்கிறார்!

"அப்ப ஏன் ஒரு நாளும் கேக்கேல்லை?"

"கேட்டா அழுவீர் எண்டு பயம்."

"அழுதா அழ விடுங்கோவன்!" என்று சொல்லிவிட்டு அந்தத் தெருவோரத்திலேயே அழுது தீர்த்தேன். அவர் மகளை அணைத்தபடி பக்கத்திலேயே நின்றார். அது போதுமாக இருந்தது.

மகளுக்கு இப்போது நான்கு வயது. சண்டைக்கு ஒரு குறைவும் இல்லை. ஆனாலும் ஒரே வீட்டில் படுத்தெழும்பிய இரண்டு பேர், அவர் என்னை விட்டுவிட்டார் என்று நானும், நான் உயிரையே விட்டுவிட்டேன் என்று அவரும் ஒரே நேரத்தில் நம்பினோமே, அதை நினைத்து இன்றும் மோட்டார் சைக்கிளில் ஏறியதும் "சரி, போவம்" என்று உரக்கச் சொல்லிவிடுவேன்.