நனையக் கூடாத காது

ஆடிக் காற்று தோட்டத்து மண்ணை அள்ளி வீட்டுக்குள் கொட்டிக்கொண்டிருந்த நாள்களில், வலது காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு திருச்செங்கோட்டுப் பக்கத்து எங்கள் ஊரில் உட்கார்ந்திருந்தேன். அந்தமான் தீவுகளுக்கிடையே ஓடும் பாய்மரப் படகொன்றில் சில பருவங்களாக எனக்கு வேலை. விருந்தினரைக் கடலுக்கடியில் அழைத்துச் சென்று பவளப்பாறைகளைக் காட்டிப் பத்திரமாக மேலே கொண்டுவர வேண்டும். இப்போது செவிப்பறையில் ஓட்டை விழுந்திருந்தது. அது தானாக மூடிக்கொள்ளக்கூடும் என்றும், அதுவரை ஒரு சொட்டுத் தண்ணீரும் உள்ளே போகக் கூடாது என்றும் சேலத்தில் மருத்துவர் சொல்லியிருந்தார். மூடினால் மழை முடிந்து படகு கிளம்பும்போது நானும் போகலாம். மூடாவிட்டால் கடலடியோடு எனக்கிருந்த உறவு அவ்வளவுதான்.

லாரி வைத்திருக்கும் பெரியப்பா நலம் விசாரிக்க வந்தார்.

"காத்துலயே ஓடுதுங்கற. அப்ப டீசலே வேண்டாமா சாமி?"

"கரைக்கு வாரப்ப மட்டும் இன்ஜின் போடுவோமுங்க பெரியப்பா."

"மைலேஜ் என்ன குடுக்கும்?"

தெரியாது என்றேன். அவருக்கு என் பட்டப்படிப்பின் மீதே சந்தேகம் வந்துவிட்டது. "மைலேஜ் தெரியாத வண்டியிலயா இத்தன வருசம் போயிட்டு வந்த?"

பாய்மரம் என்றாலே சாய்ந்து கிடந்து வானத்தைப் பார்ப்பது என்றுதான் கரையில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். அங்கே விடியும்போதே கம்ப்ரஸரை ஓட்டி சிலிண்டர்களில் காற்று நிரப்ப வேண்டும். அந்த இரைச்சலில் விருந்தினர் முகம் சுளித்தபடி எழுந்து வருவார்கள். பாத்திரங்களைக் கடல்நீரில் கழுவி, நல்ல தண்ணீரில் ஒரே அலசல். குளிக்க ஆளுக்கு ஒரு வாளி என்று கேப்டன் அளந்து வைத்தபோது பெருநகரங்களிலிருந்து வந்தவர்கள் திகைத்தார்கள். தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நின்று வளர்ந்த எனக்கு அது தாராளமாகவே பட்டது. துணி மட்டும் ஒருநாளும் முழுதாகக் காய்ந்ததில்லை. உப்பேறிய துணி பகலில் உலர்ந்தாலும் மாலை ஈரத்தை மறுபடி குடித்துக்கொள்ளும். அதையே உடுத்தி, அதன் மேலேயே படுத்து, அதிலேயே எழுந்தோம்.

படகு எங்கே நின்றாலும் நங்கூரத்தின் பின்னால் நான் ஒருமுறை இறங்கிப் பார்ப்பேன். மணலில் விழுந்திருந்தால் சரி. பவளத்தின் மேல் விழுந்திருந்தால், அலைக்குப் படகு அசையும்போதெல்லாம் சங்கிலி அதை அரைத்துவிடும். மேலே வந்து கையை ஆட்டினால் கேப்டன் தலையில் அடித்துக்கொள்வார். "மறுபடியுமா? கடலுக்கு நீ என்ன வார்டு மெம்பராம்மா?" ஆனாலும் தூக்கித் தள்ளிப் போடுவார். பவளத்தைக் காட்டிப் பிழைப்பவர்கள் பவளத்தை நொறுக்கக் கூடாது என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இருந்ததில்லை. ஆயினும் பொழுது சாயும் வேளையில், காயாத முக்குளிப்பு உடையைத் திரும்பவும் உடம்பில் ஏற்றும்போது, கொள்கையும் கொஞ்சம் கனக்கத்தான் செய்தது.

பருவத்தின் இறுதியில், புதிதாக வந்த ஒருவர் மிதவைச் சட்டையின் காற்றை ஒரேயடியாக வெளியேற்றிவிட்டுக் கல்லைப் போலக் கீழே போனார். ஆழம் கூடக்கூட மூக்கைப் பிடித்து ஊதிக் காதைத் திறந்துகொண்டே இறங்க வேண்டும் என்பது முதல் பாடம். அதற்கு அன்று நேரமில்லை. அவர் பின்னால் அப்படியே பாய்ந்தேன். அவர் கையை எட்டிப் பிடித்தபோது காதுக்குள் சூடாக ஏதோ கிழிந்தது, உடனே குளிர்ந்தது, கடல் சுழன்றது. அவர் நலமாக ஊர் போய்ச் சேர்ந்து, மீன்களோடு நிற்கும் தம் படத்தை அனுப்பி நன்றி சொன்னார்.

ஊருக்கு வந்த பிறகு காதை அம்மாவிடமிருந்தும் காக்க வேண்டியிருந்தது. பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சிய எண்ணெயைக் கரண்டியில் ஏந்திக்கொண்டு வந்தார்.

"ரெண்டே சொட்டு, கண்ணு. உங்கொப்பனுக்கு இதுலதான் கேட்டுது."

"ஓட்டையில எண்ணெய் ஊத்தக் கூடாதும்மா!"

"கடல் தண்ணி போலாமா, என்ற எண்ணெய் போவக் கூடாதா?"

அந்த வாரம் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் பொதுவான கிணற்றில், மோட்டாரைத் தொங்கவிட்டிருந்த கயிறு அறுந்தது. குழாயும் கழன்று மோட்டார் அடிச்சேற்றில் போய் உட்கார்ந்துகொண்டது. வழக்கமாக முங்கியெடுக்கும் ஆள் போர்வெல் ரிக் வண்டியோடு வடக்கே போயிருந்தார். மரவள்ளி வாடத் தொடங்கியிருந்தது.

"கடலையே முங்கிப் பாத்துட்டு வந்த புள்ளைக்கு இந்தக் கெணறு எந்த மூலைக்குங்க?" என்றார் சித்தப்பா, அப்பாவைப் பார்த்து.

"அவளுக்குக் காது ஆவல."

"மீனைக் காட்டறதுக்கு முங்குவாங்களாமா, மோட்டாருக்குன்னா காது ஆவாதாமா!"

எனக்குச் சுருக்கென்றது. பீஸ் கட்டைகளைப் பிடுங்கி மின்சாரத்தை நிறுத்தியபின், முதலில் பாதாளக் கரண்டியை இறக்கினோம். குடம் விழுந்தால் துழாவி எடுக்கும் அந்தக் கொக்கிக் கொத்தில் ஒரு செருப்பும், காதறுந்த வாளியும், நிறையச் சேறும் வந்தன. மோட்டார் வரவில்லை.

தண்ணீரைத் தொடும் கடைசிப் படி வரை நான் இறங்கினேன். கணுக்கால் நனைந்தது. அதிக ஆழமில்லை, மோட்டாரின் கைப்பிடியில் கயிற்றைக் கோக்க ஒரே மூச்சு போதும். மேலே மரவள்ளி, அப்பாவின் ஒரு வருட உழைப்பு. கீழே என் காது. எடை போட்டுப் பார்த்தேன். எந்தப் பக்கம் வைத்தாலும், சித்தப்பாவின் பேச்சு தந்த வெட்கம்தான் கனத்துத் தாழ்ந்தது. பஞ்சை எடுக்கக் கை போனது.

"மேல போ, சாமி," என்றார் பின்னாலேயே வந்த அப்பா. அறுபதைக் கடந்தவர், சட்டையைக் கழற்றியிருந்தார்.

"மூக்கப் புடிச்சு ஊதிக்கிட்டே போங்கப்பா."

"இந்தக் கெணத்துல முங்க எனக்குப் பாடமா?" என்றாரே தவிர, முங்குமுன் ஒருமுறை ஊதிப் பார்த்துக்கொண்டார்.

அவர் கொண்டுபோன கயிற்றின் மறுமுனையை நான் மேலே நின்று பிடித்திருந்தேன். இத்தனை காலமும் கீழே இருந்தவள் நான்; மேலே நிற்பது இவ்வளவு களைப்பானது என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. முதல்முறை வெறுங்கையோடு வந்தார். இரண்டாம்முறையும் அப்படியே. மூன்றாம்முறை கயிறு துடித்தது. அவர் தலை தெரிந்த பிறகுதான் இழுத்தோம். சேறு வழிய மோட்டார் மேலேறியபோது சித்தப்பா அதைப் பார்த்தார். நான், படியில் ஒற்றைக்காலில் நின்று காதிலிருந்து தண்ணீரை உதறும் அப்பாவைப் பார்த்தேன்.

புரட்டாசியில் மருத்துவர் விளக்கை அடித்துப் பார்த்தார். ஓட்டை மூடியிருந்தது. ஆனால் மூடிய தோல் மிக மெல்லியது. இன்னொருமுறை கிழிந்தால் கேட்கும் திறன் திரும்பாமல் போகலாம். படகில் போகத் தடையில்லை; ஆழத்துக்கு இனி இறங்க வேண்டாம் என்றார்.

மறுநாள் கேப்டன் அழைத்தார். சொன்னேன்.

"அப்ப நங்கூரத்தை யாரும்மா போய்ப் பாப்பாங்க?"

"புதுசா யாரையாவது எடுங்க. எங்க பாக்கணும்னு நான் சொல்றேன். கயித்தையும் நானே புடிச்சுக்கறேன்."

சரி, வா என்றார்.

அம்மா சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். "போறயா, கண்ணு?"

"ஆமாம்மா. தண்ணிக்குள்ள இல்ல, இனிமே மேலதான்."

"மேல நிக்கறதுக்கும் சம்பளம் குடுப்பாங்களா?"

"கொஞ்சம் கொறச்சுத்தாம்மா குடுப்பாங்க," என்றேன்.